94 புடவைகள், ஐந்து வேலைநாட்கள்: ஓர் ஆசிரியையின் பீரோ பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிக்கும் 46 வயது ஆசிரியை ஒருவர், பீரோ நிறையப் புடவைகள் இருந்தும் திங்கட்கிழமை காலையில் கட்டிக்கொள்ள ஒன்றும் அகப்படுவதில்லை என்ற குறையுடன் வந்தார். நம் வீடுகளில் இந்தக் குறை புதிதன்று. ஆண்கள் கேலி பேசுவதற்கென்றே வைத்திருக்கும் விஷயங்களில் இதுவும் ஒன்று. கேலியை ஒதுக்கிவிட்டு, இது உண்மையான பற்றாக்குறைதானா, ஆம் என்றால் பற்றாக்குறை எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பதற்காக அவருடைய உடைகளை ஓராண்டுக் காலம் கவனித்து எழுதியதே இந்த ஆய்வு. நான் தையல் கற்பிப்பவள். ஆகையால் என் கண் முதலில் தையலின் மேல்தான் விழும் என்பதை வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆசிரியையின் ஒப்புதலோடும், அவரை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்தும் எழுதியிருக்கிறேன்.

அவர் வீடு ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது. காலையில் சத்திரம் பேருந்து நிலையத்தில் வண்டி மாறிப் பள்ளிக்குப் போகிறார். பாதி நாட்கள் நின்றுகொண்டேதான் பயணம். வகுப்பறையிலும் பெரும்பாலும் நின்றபடியே பாடம் நடத்துகிறார். கணிதம் என்பதால் கரும்பலகையின் மேல்விளிம்பு வரை கையை உயர்த்தி எழுத வேண்டியிருக்கிறது. மாலையில் வீடு திரும்பியதும் சமையலறை. கணவர் தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறார், மகள் கல்லூரியில் படிக்கிறாள், மாமியார் உடனிருக்கிறார். துவைப்பதற்கு இயந்திரம் உண்டு. கஞ்சி போடுவது மட்டும் கையால். தெருமுனை இஸ்திரிக்காரர் ஒரு நாள் துணியை வாங்கிப் போனால் அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ கொண்டுவந்து கொடுப்பார். இந்தச் சாதாரண விவரங்களை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எந்த நிறம் எந்த மேனிக்குப் பொருந்தும் என்று தொடங்கும் ஆலோசனைகள் எல்லாம் இவற்றைக் கேட்பதே இல்லை.

கணக்கெடுப்பு

பீரோவில் இருந்தவற்றையும் பரண்மேல் இருந்த இரண்டு பெட்டிகளையும் இறக்கி, எல்லாவற்றையும் கூடத்தில் பாய் விரித்து அடுக்கினோம். மொத்தம் 94 புடவைகள். பட்டு 17, பருத்தி 26, பூனம், ஜார்ஜெட், செயற்கைப் பட்டு முதலிய செயற்கை இழைப் புடவைகள் 38, பட்டும் பருத்தியும் கலந்தவை, டஸ்ஸர், இன்னதென்று சொல்ல முடியாத கலப்புத் துணிகள் 13.

இந்த 38 செயற்கை இழைப் புடவைகளில் ஆசிரியை தாமே கடைக்குப் போய் எடுத்தவை மூன்றுதான். மற்றவை எல்லாம் வைத்துக் கொடுத்தவை: சீமந்தம், கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம், காதுகுத்து என்று ஒவ்வொரு விசேஷத்திலும் தாம்பூலத் தட்டில் வந்து சேர்ந்தவை. கொடுப்பவர் ஒரே நேரத்தில் இருபது முப்பது பேருக்கு எடுப்பதால் விலை ஒரு கட்டுக்குள் இருக்க வேண்டும், பார்வைக்குப் பளபளப்பாகவும் இருக்க வேண்டும். ஆகவே அவை பெரும்பாலும் செயற்கை இழையிலேயே அமைகின்றன. நம் பெண்களின் உடை அலமாரி விருப்பத்தால் நிரம்புவதைவிட உறவுமுறையால் நிரம்புவது அதிகம். ‘குறைவாக வாங்குங்கள்’ என்ற அறிவுரை இங்கே எடுபடாமல் போவதற்கு இதுவே காரணம்.

அடுத்து ஜாக்கெட்டுகளை எண்ணினோம். தைத்து வைத்திருந்தவை 81. ஒவ்வொன்றையும் ஆசிரியை போட்டுப் பார்த்தார். அதற்கே ஒரு பிற்பகல் முழுவதும் போயிற்று. இன்றைய உடம்புக்கு ஏறியவை 19. அவற்றில் எட்டு, பட்டுப்புடவைகளுக்கும் கல்யாண வீட்டுப் புடவைகளுக்கும் உரியவை. மீதமிருந்த பதினொன்றில் இரண்டுக்குரிய புடவைகள் ஓரம் கிழிந்தும் சாயம் இறங்கியும் போயிருந்தன. ஆக, பள்ளிக்குக் கட்டிக்கொண்டு போகக்கூடிய நிலையில் இருந்தவை ஒன்பதே புடவைகள். அதற்குப் பின் நான்கு வாரங்கள் தினமும் என்ன கட்டினார் என்பதை நாட்குறிப்பில் எழுதச் சொன்னேன். இருபது வேலைநாட்களில் ஏழு புடவைகளே மாறி மாறி வந்திருந்தன. குறை சொன்னவர் மிகைப்படுத்தவில்லை.

ஜாக்கெட்

முதல் கண்டறிதல் இதுதான்: பற்றாக்குறை ஜாக்கெட்டில் இருக்கிறது. புடவை யாருடைய உடம்புக்கும் சேரும். இருபது ஆண்டுகளில் இடுப்பு நான்கு அங்குலம் கூடினால் ஒரு கொசுவம் குறையுமே தவிர வேறு நஷ்டமில்லை. ஜாக்கெட் அப்படியன்று. அரை அங்குலம் மாறினாலே அது உடுத்தக்கூடிய உருப்படி என்ற தகுதியை இழந்துவிடுகிறது, தன்னோடு சேர்ந்த புடவையையும் முடக்கிவிடுகிறது.

ஏறாமல் போன ஜாக்கெட்டுகளை உள்பக்கம் திருப்பிப் பார்த்தபோது ஒரு வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் தைத்த சிலவற்றில் பக்கத் தையலுக்கு உள்ளே ஒன்றேகால் அங்குலத் துணி விட்டு, கால் அங்குல இடைவெளியில் மூன்று தையல் ஓட்டியிருந்தார்கள். உடம்பு பருக்கும்போது உள்தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போகலாம். அண்மைக் காலத்தில் தைத்தவற்றில் ஓவர்லாக் இயந்திரத்தில் ஓரத்தை வெட்டி முடித்திருந்தார்கள். பார்வைக்கு உள்பக்கமும் கச்சிதமாக இருக்கிறது, ஆனால் பிரித்துவிடக் கால் அங்குலம்கூட மிச்சமில்லை. முதல் வகையில் பதினான்கை ஒரே வாரத்தில் பிரித்துத் தைத்து மீட்டோம். இரண்டாம் வகையில் ஒன்றைக்கூட மீட்க முடியவில்லை. அக்குளில் வேறு துணி வைத்து ஒட்டுப் போடலாம்தான், ஆனால் கரும்பலகையில் எழுதக் கை உயர்த்தும் ஒருவருக்கு ஒட்டு இருக்கக்கூடாத இடம் அதுவே.

இரண்டாவது சிக்கல் சேர்க்கை முறையில் இருந்தது. லண்டனில் 1970-களில் துணிக்கடை நடத்திய சூசி ஃபோ பரப்பிய ‘கேப்ஸ்யூல் வார்ட்ரோப்’ (சில உருப்படிகளையே மாற்றி மாற்றிச் சேர்த்து உடுத்துவது) என்னும் யோசனையும், 1985-இல் நியூயார்க்கில் டோனா கரன் ஏழு உருப்படிகளை அடிப்படையாக வைத்து வெளியிட்ட தொகுப்பும் ஒரே கணக்கின்மேல் நிற்பவை. மேலே போடுவது நான்கு, கீழே போடுவது மூன்று என்றால் பன்னிரண்டு விதமாக உடுத்தலாம். புடவை கட்டும் பெண் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. புடவைக்கும் ஜாக்கெட்டுக்கும் இடையில்தான் அவளுக்கு அந்தப் பெருக்கல் நடக்க முடியும். நாமோ ஒரு புடவைக்கு ஒரு ஜாக்கெட் என்று தைத்து, அதைப் புடவையின் மடிப்புக்குள்ளேயே செருகி வைக்கிறோம். புடவையோடு சேர்ந்தே ஜாக்கெட் துணியும் நெய்து வரும் வழக்கம் பரவியதிலிருந்து இந்த ஜோடிக் கட்டு இன்னும் இறுகிவிட்டது. பன்னிரண்டு புடவைக்குப் பன்னிரண்டு ஜாக்கெட் இருந்தும் உடுத்தும் விதம் பன்னிரண்டுதான். ஒரு ஜாக்கெட் துவைக்கப் போயிருந்தால் அதன் புடவையும் அன்றைக்கு விடுப்பு.

ஆகவே செய்த முதல் வேலை, புடவை வாங்குவது அல்ல, ஜாக்கெட் தைப்பது. பள்ளிக்கு உரிய புடவைகளைக் கூடத்தில் விரித்து, அவற்றின் கரையிலும் முந்தியிலும் திரும்பத் திரும்ப வரும் நிறங்களைக் குறித்துக்கொண்டோம். மெரூன், கரும்பச்சை, கருநீலம், கருப்பு, சந்தனம், கடுகு மஞ்சள் ஆகிய ஆறு நிறங்கள் கிடைத்தன. இவற்றில் டூ பை டூ துணி எடுத்து எட்டு ஜாக்கெட்டுகள் தைக்கப்பட்டன. மெரூனிலும் கருநீலத்திலும் இரண்டிரண்டு. டூ பை டூ என்பது பாவிலும் (நீளவாட்டு நூல்) ஊடையிலும் (குறுக்குநூல்) இரண்டிரண்டு இழைகளை முறுக்கி நெய்த பருத்தி. அடர்ந்த நிறத்தில் எடுத்தால் லைனிங் தேவைப்படாது. லைனிங் வைத்தால் பொருத்தம் அழகாக அமையும் என்பது உண்மை, ஆனால் ஜூன் மாதத் திருச்சியில் இரட்டைத் துணிக்குள் ஏழு மணி நேரம் இருப்பது தண்டனை. சந்தன நிறத்துக்கு மட்டும் லைனிங் வைக்க வேண்டியிருந்தது. அந்தத் துணியை முந்தைய இரவே தண்ணீரில் நனைத்து உலர்த்திய பிறகு வெட்டினோம். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே லைனிங் மட்டும் சுருங்கி, மேல்துணி கொப்பளம் கொப்பளமாக நிற்கும்.

எல்லாவற்றிலும் முழங்கைக்குச் சற்று மேலே நிற்கும் கை, முதுகில் அளவான கழுத்து, பக்கத்தில் ஒன்றரை அங்குல உள்துணி, மூன்று தையல். ஓவர்லாக் போட்டாலும் ஓரத்தை வெட்டாமல் துணியின் விளிம்பில் மட்டும் ஓட்ட வேண்டும் என்று எழுதியே கொடுத்தோம். வாய்வார்த்தையாகச் சொன்னால் தையற்காரரின் கை பழக்கத்தின்படிதான் போகும்.

வாரத்தின் கணக்கு

எத்தனை புடவை வேண்டும் என்ற கேள்விக்குப் பலரும் ஓர் எண்ணை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பின்னால் தேடுகிறார்கள். இங்கே சலவையிலிருந்து கணக்கைத் தொடங்கினோம். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து பருத்திப் புடவைகள் உடுத்தப்படுகின்றன. அவை சனிக்கிழமை துவைக்கப்பட்டு, ஞாயிறன்று கஞ்சி போட்டு உலர்ந்து, திங்கட்கிழமை இஸ்திரிக்குப் போய், புதன்கிழமை மாலையில் வீடு திரும்புகின்றன. அதுவரை திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாட்களுக்கு வேறு மூன்று புடவைகள் வேண்டும். ஆகக் குறைந்தது எட்டு. இஸ்திரிக்காரர் ஊருக்குப் போய்விட்டால், விருந்தாளி வந்து சனிக்கிழமைச் சலவை தள்ளிப்போனால் என்று இரண்டு. ஆய்வு அலுவலர் வருகை, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் போன்ற நாட்களுக்கு இரண்டு. பன்னிரண்டு போதும்.

ஜாக்கெட்டின் கதை வேறு. புடவையை ஒரு நாள் கட்டிக் கொடியில் காற்றாடவிட்டு இன்னொரு நாள் கட்டலாம்; ஜாக்கெட்டை அப்படிச் செய்ய முடியாது. அன்றன்று மாலையில் அலசிப் போட்டால் மறுநாள் காய்ந்துவிடும், இஸ்திரியும் வீட்டிலேயே இரண்டு நிமிட வேலை. மீட்ட பதினான்கில் பள்ளிக்கு உதவும் ஐந்தையும் புதிய எட்டையும் சேர்த்துப் பதிமூன்று ஜாக்கெட்டுகள், பன்னிரண்டு புடவைகள் என்ற நிலை உருவாயிற்று. ஒவ்வொரு புடவைக்கும் குறைந்தது இரண்டு ஜாக்கெட்டுகள் பொருந்துமாறு தேர்ந்தெடுத்திருந்ததால், ஒன்று கொடியில் இருந்தாலும் புடவை முடங்கவில்லை. இதற்காக பீரோவில் செய்த ஒரே மாற்றம், ஜாக்கெட்டுகளைப் புடவை மடிப்பிலிருந்து எடுத்துத் தனித் தட்டில் நிற வாரியாக அடுக்கியது. முதல் மாதம் ஆசிரியைக்கு இது எரிச்சலாகவே இருந்தது. “ஜோடியா எடுத்துப் பழகிட்டேன்க்கா, இப்ப ரெண்டு தட்டுல தேட வேண்டியிருக்கு” என்றார். இரண்டாம் மாதத்திலிருந்து அந்தப் பேச்சு எழவில்லை.

உள்பாவாடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நானும் சுருக்கமாகவே சொல்கிறேன். பாப்லின் துணியில், ஆறு துண்டு வைத்து அகலமாகத் தைத்தது பேருந்துப் படி ஏறுவதற்கு உகந்தது. குறுகலாகத் தைத்தவை ஐந்தையும் ஒதுக்கினோம். மெல்லிய நாடாவை இறுக்கிக் கட்டுவதால் இடுப்புத் தோலில் தடிப்பும் கருமையும் வருவதையும், ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த உரசல் அரிதாகப் புற்றுநோய் வரை போனதையும் இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எனவே நாடாவுக்குப் பதிலாக இரண்டு அங்குல அகலப் பட்டி வைத்துக் கொக்கி தைத்தோம்.

எந்தத் துணி

பன்னிரண்டு புடவைகள் எவை என்பதில்தான் அதிக நேரம் செலவாயிற்று. வியர்வையைத் துணி எப்படிக் கையாள்கிறது என்பதே இங்கு முதல் அளவுகோல். நிலையான ஈரப்பதத்தில் வைத்தால் பருத்தி தன் உலர் எடையில் சுமார் 8.5 விழுக்காடு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பட்டு சுமார் 11 விழுக்காடு, பாலியெஸ்டர் 0.4 விழுக்காடு மட்டுமே. பேருந்து நெரிசலில் பாலியெஸ்டர் புடவை உடம்போடு ஒட்டிக்கொள்வதற்கும் பருத்தி ஓரளவு காப்பாற்றுவதற்கும் இந்த வேறுபாடே காரணம். ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் படித்தால் இன்னொன்றும் தெரியும்: ஈரத்தை இழுக்காத துணி சீக்கிரம் காயும். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பருத்தி என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டாலும் அதற்குள் குணங்கள் பல. காரைக்குடிக் கண்டாங்கி தடித்த நூலில் கட்டமும் கோடுமாக நெய்யப்படுவது. உழைப்பு தாங்கும், ஆண்டுகள் போகப் போக மெருகேறும், ஆனால் நனைந்தால் பாரம், பிழிய இரண்டு கை வேண்டும். ஆசிரியையிடம் இருந்த மூன்றில் இரண்டைக் குளிர்ந்த மாதங்களுக்கு வைத்துக்கொண்டோம். மதுரைச் சுங்குடி இதற்கு நேரெதிர். மெல்லியது, கஞ்சி இல்லாமலும் தொங்கலாக விழும், கொசுவம் பிடிப்பது எளிது, விலையும் கைக்கு எட்டும். அன்றாடப் பள்ளி உடைக்கு இதைவிட ஏற்ற புடவை எனக்குத் தெரிந்து இல்லை. மதுரையின் சௌராஷ்டிர சமூகத்தார் கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றும் சுங்குடியில் புள்ளிகள் அச்சுப்போல் ஒன்றாக இரா, துணியின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் தெரியும். இன்று கடையில் அந்தப் பெயரில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை மெழுகு அச்சோ திரை அச்சோதான். அன்றாட உடுப்புக்கு அச்சுச் சுங்குடியும் போதும் என்பது என் எண்ணம், ஆனால் முடிச்சுச் சுங்குடியின் விலை கொடுத்து அதை வாங்கக்கூடாது.

புதிய சுங்குடியைக் கல் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று மாமியார் சொன்னார். நம் வீடுகளில் எல்லாரும் சொல்வதுதான். சாயமேற்றும் தொட்டியில் நூல் சாயத்தை இழுத்துக்கொள்ள உப்பு உதவுகிறது; முடிந்த துணியில் தளர்ந்து நிற்கும் சாயத்தை அது பிடித்துவைக்காது. முதல் மூன்று சலவைகளில் தனியாக, குளிர்ந்த தண்ணீரில் அலசி, நிழலில் உள்பக்கம் வெளியே தெரிய உலர்த்துவதுதான் உண்மையில் பயன் தருகிறது. மாமியாரின் மனம் கோணாமல் உப்பும் போட்டோம்.

உள்ளூர் நெசவையும் பார்த்தோம். உறையூர் பழங்காலந்தொட்டு பருத்தி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் பழைய கடல்வழி வணிகக் குறிப்பில் வரும் ‘அர்காரு’ மஸ்லின் உறையூர்த் துணியே என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். மாவட்டத்தின் மேற்கே மணமேட்டிலும் கைத்தறி இன்றும் ஓடுகிறது. ஆசிரியை புதிதாக எடுத்த மூன்று புடவைகளில் இரண்டு இப்படி உள்ளூரில் எடுத்தவை. ஒன்று கோ-ஆப்டெக்ஸில் எடுத்த கோவைக் கோரா. கோராவில் பட்டும் பருத்தியும் கலந்திருப்பதால் மெல்லிய பளபளப்பு உண்டு, கூட்ட நாட்களுக்குப் பொருந்தும். வியர்வைக் கறை பட்டால் போகாது என்பதால் தினப்படிக்கு வேண்டாம்.

நிறத்தில் ஒரு தொழில் நிபந்தனை இருந்தது. சாக்பீஸ் தூள் கருப்பிலும் கருநீலத்திலும் வெள்ளையாகப் படிந்து, மதியத்துக்குள் வலது இடுப்புப் பக்கம் முழுதும் கைத்தடமாகத் தெரியும், ஏனென்றால் கையைத் துடைப்பது அங்கேதான். வெளிர் நிறத்திலோ பேருந்துக் கம்பியின் அழுக்கு. இரண்டுக்கும் நடுவில் செங்கல், பாசிப்பச்சை, சாம்பல் கலந்த நீலம், தேன் நிறம் ஆகியவையும், கட்டமோ நெருக்கமான புள்ளியோ உள்ள வேலைப்பாடும் அழுக்கை மறைக்கின்றன. கருப்பையும் கருநீலத்தையும் ஜாக்கெட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஐப்பசி, கார்த்திகை

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மேலே போட்ட கணக்கு ஆட்டம் கண்டது. அக்டோபர் இரண்டாம் பாதியிலிருந்து கஞ்சி போட்ட புடவை இரண்டு நாளானாலும் காயவில்லை. காயாமல் மடித்த ஒன்றில் பூஞ்சை வாடை வந்து, மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று. சாலைச் சேறு கரையிலும் ஃபால்ஸிலும் ஏறியது. இந்த இடத்தில்தான், ஒட்டுமொத்தமாகக் கழித்துக்கட்ட நினைத்திருந்த செயற்கை இழைப் புடவைகள் கைகொடுத்தன. மழைக்காலத்தில் வெயில் தணிந்திருப்பதால் அவற்றின் புழுக்கம் தாங்கக்கூடியதாகிறது, இரவில் அலசி மின்விசிறியின் கீழ் போட்டால் காலையில் காய்ந்திருக்கிறது, இஸ்திரியும் வேண்டாம். மங்கிய பூ வேலைப்பாடு உள்ள நான்கைத் தேர்ந்து, அவற்றுக்கும் அதே ஆறு நிற ஜாக்கெட்டுகளையே இணைத்தோம். ‘பருத்தி நல்லது, பாலியெஸ்டர் கெட்டது’ என்று பொதுவாகச் சொல்வோர் கார்த்திகை மாதத்தில் ஒரு வாரம் துணி உலர்த்திப் பார்க்க வேண்டும்.

மற்ற மாதங்களில் கஞ்சி பற்றியும் ஒரு திருத்தம் வந்தது. எல்லாப் பருத்திக்கும் மொடமொடப்பாகக் கஞ்சி போடும் பழக்கத்தை ஆசிரியை கைவிட்டு, கண்டாங்கிக்கும் உள்ளூர்க் கைத்தறிக்கும் மட்டும் நீர்த்த சாதக் கஞ்சி என்று வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் மிச்சமானது.

சுடிதார்

பள்ளிக்குச் சுடிதார் போட்டுக்கொண்டால் பாதிச் சிக்கல் தீருமே என்று மகள் கேட்டாள், நியாயமான கேள்வி. தலைமைச் செயலகப் பணியாளர்களின் உடை குறித்து 2019-இல் வெளியான அரசாணையிலேயே புடவையோடு, துப்பட்டாவுடன் கூடிய சுடிதாரும் சல்வார் கமீஸும் ஏற்புடைய உடைகளாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆயினும் பல பள்ளிகளில் எழுதப்படாத வழக்கம் வேறாக இருக்கிறது, ஆசிரியைக்கும் வகுப்பறையில் புடவைதான் இயல்பாகத் தோன்றுகிறது. அவர் விருப்பத்தை மாற்றுவது என் வேலையன்று. பயிற்சி முகாம்களுக்கும் தேர்தல் பணிக்கும் மட்டும் இரண்டு பருத்திச் சுடிதார்கள் தைக்கப்பட்டன. வாக்குச்சாவடியில் முந்தைய இரவே போய்த் தங்கி, பெட்டிகளோடு வண்டி ஏறி இறங்க வேண்டிய பணிக்கு ஐந்தரை மீட்டர் புடவையைக் கட்டிக்கொண்டு போனவர்களுக்கு அதன் அருமை தெரியும். இரண்டிலும் பை வைத்துத் தைக்கச் சொன்னார். அதுதான் அவருக்கு மிகவும் பிடித்த அம்சமாகிவிட்டது.

மீதியிருந்தவை

பட்டு 17-ஐ இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவை உடை மட்டுமல்ல, சொத்தும் நினைவும் ஆகும். மல் துணியில் தனித்தனியே சுற்றி, ஆண்டுக்கு இரண்டு முறை மடிப்பை மாற்றி, அந்துருண்டை ஜரிகையில் படாமல் பார்த்துக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டோம். எட்டுக்கு ஜாக்கெட் இருக்கிறது. மற்றவற்றுக்கு, விசேஷம் வரும்போது தைத்துக்கொண்டால் போதும்.

வைத்துக் கொடுத்த புடவைகளின் முடிவு அவ்வளவு எளிதாக அமையவில்லை. மழைக்கு எடுத்த நான்கும், ஆசிரியை தாமே வாங்கிய மூன்றும் போக 31 மீதி. “கொடுத்தவங்க நாளைக்கு வந்து, நான் குடுத்த புடவை எங்கன்னு கேட்டா என்னம்மா சொல்லுவே?” என்றார் மாமியார். அந்தக் கேள்வியில் பழைய உறவு ஒழுங்கின் கனம் இருக்கிறது, தட்டிவிட முடியாது. ஒரு வழி காணப்பட்டது. நெருங்கிய உறவினர் கொடுத்த ஒன்பது புடவைகள், அந்தந்த வீட்டு விசேஷத்துக்கு ஒரு முறையாவது கட்டிப் போவதற்காக வைக்கப்பட்டன. பிரிக்காமல் அட்டைப்பெட்டியோடு இருந்த பதினாறு மறுபடி தாம்பூலத் தட்டுக்குப் போகும். எது யார் கொடுத்தது என்று உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறோம், இல்லாவிட்டால் கொடுத்த வீட்டுக்கே திரும்பிப் போய்விடும் அபாயம் உண்டு. அப்படிப் போன கதைகள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கின்றன. மற்ற ஆறில் நான்கை மகள் பாவாடைக்கும் திரைச்சீலைக்குமாக எடுத்துக்கொண்டாள், இரண்டு கிழிசல்.

பருத்தியில் நைந்தவை எட்டு. இவற்றை மட்டும் மாமியார் தயக்கமின்றி வாங்கிக்கொண்டார். தூளி கட்டவும், மாடியில் வடாம் பிழியவும் பல முறை துவைத்து மென்மையான பழைய பருத்திப் புடவைக்கு ஈடாக ஒன்றும் கிடையாது.

ஓராண்டுக்குப் பின்

மறு ஆண்டின் ஜூலையில் மீண்டும் நான்கு வாரக் குறிப்பு எடுக்கப்பட்டது. பன்னிரண்டு புடவைகளும் உடுத்தப்பட்டிருந்தன. எதுவும் மூன்று முறைக்கு மேல் வரவில்லை. செலவில் பெரும்பகுதி தையல் கூலிக்கே போயிருந்தது, புதிய புடவை மூன்றுதான். ஆசிரியை இதைச் சிக்கனம் என்று சொல்லவில்லை. காலையில் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் நேரம் போய்விட்டது என்றார்.

தேறாதவையும் உண்டு. கடுகு மஞ்சள் ஜாக்கெட் நான்கு புடவைகளுக்குப் பொருந்தும் என்று தேர்ந்தோம். துணியின்மேல் வைத்துப் பார்த்தால் பொருந்தவும் செய்கிறது, ஆனால் தம் முகத்துக்கு அது எடுக்கவில்லை என்று அவர் அதைத் தொடுவதே இல்லை. சந்தன நிறத்தின் அக்குளில் மஞ்சள் கறை ஏறிவிட்டது. ஓர் ஆண்டுக்குள் இவருக்கு வைத்துக் கொடுத்து வந்து சேர்ந்த புதிய புடவைகள் ஆறு. இந்த வரவைத் தடுக்க எங்களிடம் வழியில்லை, சீட்டு எழுதி உள்ளே வைக்க மட்டும்தான் முடிகிறது.

இப்போதைக்கு இரண்டு வேலைகள் பாக்கி. கடுகு மஞ்சளுக்கும் சந்தனத்துக்கும் பதிலாக இலைப்பச்சையிலும் செங்கல் நிறத்திலும் இரண்டு ஜாக்கெட்டுகள் தைக்க வேண்டும்; அளவு எடுத்தாயிற்று, பக்கத்தில் ஒன்றரை அங்குலம் விடச் சொல்லிச் சீட்டும் எழுதிக் கொடுத்தாயிற்று. முந்தி நைந்துவரும் சுங்குடி ஒன்றுக்கு மாற்று, தீபாவளித் தள்ளுபடியின்போது எடுப்பதாக இருக்கிறது.